மூலைக் கட்டிலின் மல்சுன்

காலையில் கண் விழித்ததும் மல்சுன் முதலில் தன் விரல்களைத்தான் விசாரிப்பாள். போர்வைக்குள் இருந்தபடியே ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பாள். சில நாள் பத்தும் சொன்ன பேச்சைக் கேட்கும். சில நாள் பத்தும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்யும். சூசொக் என்னும் அறுவடைப் பண்டிகைக்கு முந்தைய நாளான அன்று வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. மற்றவையெல்லாம் மரக்கட்டை.

“ஏங்க…” என்று பக்கத்தில் படுத்திருந்த கணவனை முழங்கையால் இடித்தாள். “சட்டை பட்டன்.”

தல்சு டாக்ஸி ஓட்டுபவர். பாதி ராத்திரி வரை ஓட்டிவிட்டு வந்து படுத்தவர். எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே மனைவியின் சட்டைக்குப் பட்டன் போடத் தொடங்கினார்.

“இன்னிக்கு ஒரு நாள் நீ போகலன்னா உலகம் அழிஞ்சிடுமா?”

“இன்னிக்கா? ஊரே அழுக்கோட பண்டிகை கொண்டாடணும்னு சொல்றீங்களா?”

“ஊர் அழுக்கெல்லாம் உன் தலையிலயா எழுதியிருக்கு?”

“ஆமா, என் தலையிலதான் எழுதியிருக்கு. பட்டனை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கீங்க, பாருங்க.”

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். சட்டையைப் பார்க்கவில்லை, வீங்கிப்போயிருந்த அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். எல்லாப் பட்டன்களையும் கழற்றி முதலிலிருந்து போட்டார்.  மல்சுன் வாசலுக்கு நடந்தாள்.

பூசான் நகரத்தின் யோங்தோ தீவில், துறைமுகத்துக்கு மேலே மேடேறும் சந்தில் இருக்கிறது உன்ஹா குளியலகம். அதன் பெண்கள் பகுதியில் இரண்டு தேய்ப்புக் கட்டில்கள். ஜன்னலோரக் கட்டில் இன்சுக்குடையது. அவள் வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது. மூலைக் கட்டில் மல்சுனுடையது. கறுப்பு உள்ளாடையும், கையில் கரகரப்பான பச்சைத் துணி உறையும்தான் இருவருக்கும் சீருடை. வெந்நீர்த் தொட்டியில் நன்றாக ஊறிவிட்டு வரும் பெண்கள் கட்டிலில் படுப்பார்கள். தலை முதல் கால் வரை, காது மடல் முதல் குதிகால் வரை தேய்த்து, அழுக்கை உருட்டி உருட்டி எடுத்து, வாளி வாளியாக நீரூற்றி அனுப்ப வேண்டும். ஒரு ஆளைத் தேய்த்து முடித்தால் ஒரு மூட்டை அரிசியைச் சுமந்து மேடேறிய களைப்பு வரும். ஆனால் தேய்க்கப்பட்டவள் எழுந்து நின்று, சிவந்து பளபளக்கும் தன் தோளைத் தானே தடவிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்புக்காகவே மல்சுன் உயிரை விடுவாள்.

இள வயதில் அவள் காலணித் தொழிற்சாலையில் பசை தடவிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை மூடிய பிறகு, வேலை கேட்டு இங்கே வந்து நின்றாள். குளியலக முதலாளி போங்ஜா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தானே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். “தேய். நான் தூங்கிட்டா வேலை உனக்கு.” முதுகின் பாதியைத் தாண்டும் முன்பே போங்ஜாவின் குறட்டை கூரையில் முட்டியது. அன்று முதல் மூலைக் கட்டில் மல்சுனுடையது. மகளைப் படிக்க வைத்ததும், மாமனாரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டதும் அந்தக் கட்டில்தான். அவளுக்கு முகங்கள் மறந்துபோகும். சந்தையில் யாராவது “அக்கா!” என்று ஓடி வந்து கையைப் பிடித்தால் திருதிருவென்று விழிப்பாள். அவர்கள் திரும்பி நடந்தால்தான், “ஐயோ, நம்ம வலது தோள்ல மச்சம்!” என்று அடையாளம் தெரியும்.

அப்படிப்பட்டவளின் கைகளுக்குத்தான் முடக்குவாதம் வந்தது.

பாலத்துக்கு அப்பால் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம். வாரத்துக்கு ஒரு நாள் விழுங்க வேண்டிய மாத்திரை. அதை விழுங்கிய மறுநாள் மசக்கைக்காரி மாதிரி குமட்டும். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்குள்ளே இரண்டு கண்கள், அவ்வளவுதான் தெரியும். அந்தக் கண்களும் கம்ப்யூட்டரைத்தான் பார்க்கும்.

முதல் நாளே அந்த டாக்டர் கேட்டாள்: “என்ன வேலை செய்றீங்க?”

மல்சுனுக்கு முன்னால் உள்ளே போன ஓட்டல் சமையல்காரி, முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததை அவள் பார்த்திருந்தாள். ‘வேலையை விட்டுடுன்னு சொல்லிட்டாங்க’ என்று அந்த அம்மா யாரிடமோ போனில் விம்மியதும் காதில் விழுந்திருந்தது.

“துண்டு மடிக்கிற வேலைம்மா” என்றாள் மல்சுன்.

அது முழுப் பொய்யும் இல்லை. குளியலகத்தில் துண்டும் மடிப்பாள்தான். ஆனால் அந்தத் துண்டு போன வாரம் கழுத்தை நெரிக்க ஆரம்பித்துவிட்டது. “உங்க ரத்தம் நல்லா இருக்கு. மணிக்கட்டு மட்டும் ஏன் வீங்கிக்கிட்டே போகுது? துண்டு மடிச்சா இப்படி ஆகாதே. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மருந்தையே மாத்திட வேண்டியதுதான், இதைவிடக் கடுமையானதா” என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் வேலையை விடச் சொல்வாள். வேலை போனால் மூலைக் கட்டில் இன்சுக்குக்குப் போகும். அந்தக் கட்டில் இல்லாமல் மல்சுன் யார்? தல்சுவின் மனைவி, ஒரு மகளின் தாய், முடக்குவாதக்காரி. அவ்வளவுதானே!  அதனால் டாக்டரிடம் வேலையை மறைத்தாள். குளியலகத்தில் நோயை மறைத்தாள். விடியும் முன்பே வந்து, யாரும் வருவதற்குள் வெந்நீர்த் தொட்டியில் கைகளை ஊறப் போட்டு விரல்களைச் சமாதானப்படுத்துவாள். விரலுக்குப் பதில் உள்ளங்கை மேட்டாலும், முன்னங்கையாலும் தேய்க்கப் பழகிக்கொண்டாள். வலி பொறுக்க முடியாமல் முனகல் வந்தால் அதைப் பாட்டாக மாற்றிவிடுவாள். வலி ஏற ஏறப் பாட்டும் உச்சத்துக்குப் போகும்.

“இன்னிக்கு அக்காவுக்கு என்ன குஷி பாருடி!” என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று அவள் குஷி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பண்டிகைக்கு முந்தைய நாள் கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? தேய்ப்புக்கு வரிசை பிடிப்பவர்கள் தங்கள் அலமாரிச் சாவியை மூலைச் சுவரின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அன்று கொக்கிகள் போதாமல் சாவியின் மேல் சாவி தொங்கியது. போதாக்குறைக்குச் சுவரில் இருந்த முதுகு தேய்க்கும் இயந்திரமும் பழுதாகி நின்றது. ஆவிக்குள் சிரிப்பும், பிள்ளைகளின் அழுகையும், வாளிகளின் சத்தமும் முட்டி மோதின. ஜன்னலோரக் கட்டிலில் இன்சுக் ஒரு காலைக் குட்டை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் நிற்கிறாள்.

“என்னடி இது, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல?” என்று மல்சுன் சீண்டினாள்.

“புது ஸ்டைலு அக்கா. சியோல்ல இப்படித்தானாம்.”

“ஓ! சியோல்ல அழுக்கும் மீன் மாதிரி நீந்தி வருமோ?”

தொட்டியில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள் சுந்தோக். சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“மல்சுன்! இதோ பார், என் மருமக. பண்டிகைக்கு வந்திருக்கா. ஆபீஸ்ல வேலை. சும்மா சாதாரண ஆபீஸ்தான்! இவளை நல்லா பளபளன்னு தேய்ச்சு விடு. முகத்துக்கு வெள்ளரிக்காயும் போடு.”

பின்னால் ஒரு ஒல்லிப் பெண் துண்டை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணாடியை அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, மாமியாரின் தோளென்று நினைத்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மல்சுனுக்குச் சிரிப்பு வந்தது. விடியற்காலையில் தொங்கிய முதல் சாவிகளில் ஒன்று சுந்தோக் வந்து மாட்டிவிட்டுப் போனதுதான். ஆக, முறை சரிதான்.

“வாங்கம்மா, கூச்சப்படாதீங்க. இங்க எல்லாரும் ஒண்ணுதான். படுங்க.”

முதலில் துருவிய வெள்ளரிக்காயை அள்ளி அந்த முகத்தில் அப்பினாள். நெற்றி, மூக்கு, கன்னம், கண் இமை, எல்லாம் பச்சைக்குள் மறைந்தன. பிறகு தோளில் கை வைத்தாள். வைத்ததும் அதிர்ந்து போனாள்.

“அம்மாடி, தோள் கருங்கல்லா இருக்கே! கம்ப்யூட்டர் வேலையா?”

“ம்.”

“தெரியுது. எனக்கு வைத்தியம் பாக்கற டாக்டரும் ஒரு சின்னப் பொண்ணுதான். அதுவும் உங்களை மாதிரிதான், எப்பப் பாரு கம்ப்யூட்டர். நான் உள்ள போய் ஒரு குரங்கை உட்கார வச்சுட்டு வந்தாக்கூட அதுக்குத் தெரியாது. ‘கையை நீட்டுங்க’ன்னு சொல்லி குரங்குக்கும் மாத்திரை எழுதிடும்.”

பச்சைக்குள் உதடுகள் லேசாக அசைந்தன. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். மல்சுனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

ஆவிக்குள் படுத்திருப்பவர்களிடம் ஏனோ மனசு திறந்துகொள்ளும். அதிலும் இவள் பண்டிகை முடிந்தால் போய்விடுகிற அசலூர்ப் பெண். யாரிடமும் சொல்லாமல் எத்தனை மாதம் நெஞ்சில் பூட்டி வைத்திருப்பது? இன்சுக்கின் காதில் விழாதபடி குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு முடக்குவாதம்மா. மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க, அவங்க கருவாட்டோட சேர்த்து வித்துடுவாங்க. டாக்டர் என்ன வேலைன்னு கேட்டா, துண்டு மடிக்கிறேன்னு புளுகி வச்சிருக்கேன்.”

கைக்குக் கீழே அந்த உடம்பு சட்டென்று விறைத்தது.

“வலிக்குதாம்மா? மெதுவாத் தேய்க்கவா?”

“இல்ல… சொல்லுங்க. எங்க வலிக்கும் உங்களுக்கு?” வெள்ளரிக்காய்க்குள்ளிருந்து குரல் மூக்கடைத்து வந்தது.

“காலைல எழுந்தா பத்து விரலும் கட்டை. சாயங்காலம் மணிக்கட்டுல தீ. என் வீட்டுக்காரர்தான் பட்டன் போட்டு விடுறாரு. நல்ல மனுஷன், ஆனா ஒரு நாளும் சரியாப் போட மாட்டாரு.” விலாவில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டினால் புரள வேண்டும் என்பது குளியலகத்துக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணும் மளமளவென்று ஒருக்களித்தாள். “அந்த டாக்டர் பொண்ணு பாவம், என் மணிக்கட்டைப் பாத்துப் பாத்துத் தலையைச் சொறியும். மருந்து வேலை செய்யலையோன்னு அதுக்குக் கவலை. இந்த வாரம் நான் மாத்திரையே போடலங்கறது அதுக்கு எப்படித் தெரியும்?”

“என்னது?”

“பண்டிகை வாரமாச்சே! மாத்திரை போட்டா மறுநாள் வாந்தி. இத்தனை சாவியை வச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டு நிக்க முடியுமா? பண்டிகை வந்தா எப்பவுமே நிறுத்திடுவேன்.”

“மாத்திரையை நிறுத்திட்டீங்களா?!”

அந்தப் பெண் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். எழுந்த வேகத்தில் நெற்றியிலும் கண்ணிலும் இருந்த வெள்ளரிக்காய் வழுக்கி மடியில் விழுந்தது. மூக்கிலும் வாயிலும் கன்னத்திலும் மட்டும் பச்சையாக ஒட்டிக்கொண்டு நின்றது, முகக்கவசம் மாட்டியது போல. அதற்கு மேலே இரண்டு கண்கள்.

அந்தக் கண்களை மல்சுன் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள்.

அவள் கையில் இருந்த பச்சை உறை நழுவித் தரையில் விழுந்தது. இதயம் அதைவிடக் கீழே போய் விழுந்தது. தெய்வமே! ஊரில் இத்தனை முதுகு இருக்க, இந்த முதுகா இன்று என் கையில் கிடைக்க வேண்டும்? ஏற்கெனவே வெந்நீரில் வெந்திருந்த அவள் முகம் இப்போது வெளுத்துப்போயிற்று. திரும்பி, தொட்டிகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி ஓடி, நீராவி அறைக் கதவைத் திறந்து உள்ளே புகுந்துகொண்டாள்.

 கூடத்தில் வெடித்தாள் சுந்தோக்.

“அடியேய்! என்ன சொன்ன நீ அவகிட்ட? எங்க மல்சுனை அழ வச்சிட்டியே! பண்டிகை நாள் அதுவுமா!”

“அத்தை, நான் ஒண்ணும்…”

“பேசாத! அழுத்தமாத் தேய்ச்சா வலிக்கத்தான் செய்யும். அதுக்காக எழுந்து கத்துவாங்களா?”

மருமகளோ அதற்குள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நீராவி அறைக்குப் போனாள். முதலில் துடைப்பம் வைக்கும் அறையைத் திறந்தாள். தொட்டியிலிருந்து யாரோ “இடது பக்கம், இடது பக்கம்!” என்று வழி சொன்னார்கள்.

உள்ளே மல்சுன் மரப்பலகையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வேர்வையா கண்ணீரா என்று பிரிக்க முடியாதபடி முகம் முழுக்க நனைந்திருந்தது. உள்ளே வந்த மருமகள், டாக்டர் ஹரிம், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தில் இன்னும் வெள்ளரிக்காய்.

“டாக்டரம்மா, என்னைத் திட்டிடுங்க. குரங்குன்னு சொன்னதுக்கும் சேர்த்துத் திட்டிடுங்க. ஆனா வேலையை விடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஏன் பொய் சொன்னீங்க?”

“உண்மையைச் சொன்னா என் கட்டில் போயிடும். அந்தக் கட்டில்ல நிக்கும்போதுதாம்மா நான் நானா இருக்கேன். வலிக்குது, ஒத்துக்கறேன். ஆனா வீட்ல சும்மா உட்கார்ந்தா வலி மட்டும்தான் இருக்கும். இங்க வந்தா வலியோட சேர்த்து இவங்க எல்லாரும் இருக்காங்க.”

 ஹரிம் மல்சுனின் வலது கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக, மணிக்கட்டின் ஒவ்வொரு முனையாக மெல்ல அமுக்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் முகத்தை மிக அருகே கொண்டு வந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் இவ்வளவு அருகில் அவள் வந்ததில்லை.

“மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு, இன்னும் கடுமையானதைக் கொடுக்க இருந்தேன். தேவையே இல்லாம! நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு. குமட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதைக் குறைக்க வழி இருக்கே. சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?” குரலில் கோபம் இருந்தது. ஆனால் கை அவள் கையை விடவில்லை. “சரி, என் பொய்யையும் கேளுங்க. இங்க நான் டாக்டர்னு சொல்லவே கூடாதுன்னு அத்தைகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.”

“ஏன்?”

“தெரிஞ்சா குளிக்க விட மாட்டாங்க. எல்லாரும் முழங்காலைக் காட்டுவாங்க.”

அழுதுகொண்டிருந்த மல்சுனுக்கு எங்கிருந்தோ சிரிப்பு பீறிட்டது. “அப்போ உங்களுக்கு ஆபீஸ், எனக்குத் துண்டு! ரெண்டு பேரும் ஒரே ஜாதிதான்!”

“வேலையை விடச் சொல்ல மாட்டேன்” என்றாள் ஹரிம். “ஆனா மாத்திரையைத் தவறவிடக் கூடாது. அதைப் போட்ட மறுநாள் கட்டில் பக்கமே வரக்கூடாது. தினமும் தேய்க்கறதும் முடியாது, நாளைப் பிரிச்சுக்கணும். இதெல்லாம் நடக்கணும்னா உங்க முதலாளிக்கு உண்மை தெரியணும். நீங்களே சொல்லணும். இப்பவே.”

 மல்சுனுக்கு டாக்டரிடம் அகப்பட்டதைவிட இது பெரிய கண்டம். நாளைப் பிரித்தால் பாதிக் கட்டில் இன்சுக்குக்கு. இன்று பாதி, நாளைக்கு முழுசும்!

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே குளியலகத்தின் மொத்தக் கூட்டமும் கதவில் காதை வைத்து நின்றது. கதவு திறந்ததும் முன்வரிசை உள்ளே சரிந்தது. பழத்தட்டில் அடுக்கின ஆப்பிள் மாதிரி ஈரமும் சிவப்புமாக அத்தனை முகங்கள். நடுவில், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு முதலாளி போங்ஜா.

மல்சுன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “முதலாளியம்மா, எனக்கு முடக்குவாதம். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மறைச்சுட்டேன்.”

 அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. இன்சுக்!

“அக்கா… எனக்கு இடுப்புத் தட்டு விலகியிருக்கு. குனியவே முடியல. அதான் முக்காலில காலை வச்சுக்கிட்டு நின்னேன். உங்களுக்குத் தெரிஞ்சா என் கட்டிலையும் நீங்களே எடுத்துப்பீங்கன்னு பயம்.”

“சியோல் ஸ்டைலுன்னு சொன்னியேடி பாவி!”

“சியோலுக்கு நான் போனதே இல்லக்கா!”

சிரிப்பில் குளியலகமே குலுங்கியது. போங்ஜா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஒருத்திக்குக் கை இல்ல, இன்னொருத்திக்கு இடுப்பு இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கீங்க. எனக்கு மூணு வருஷமா மூலம், நான் சொன்னேனா? இந்தக் குளியலகத்துல உடம்புக்கு ஒண்ணுமில்லாதவ எவளாவது இருந்தா கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் உயரவில்லை. ஒரு கைக்குழந்தையின் கையை யாரோ தூக்கிக் காட்டினார்கள். அதற்கும் சளியாம்.

“அப்புறம் என்ன? ரெண்டு பேரும் நாளைப் பிரிச்சுக்குங்க. கட்டில் ரெண்டும் அதே இடத்துலதான் இருக்கும். சாவி மாட்டுறவங்க எவகிட்ட வேணுமோ அவ நாள்ல வரட்டும்.”

“ஆனா யார் சொன்னா உனக்கு இதெல்லாம்?” என்று கதவு வழியே அரைகுறையாகக் கேட்டிருந்த ஒருத்தி மல்சுனைக் கேட்டாள். “நாளைப் பிரி, மாத்திரை போடுன்னு? இந்த ஆபீஸ் பொண்ணா?”

சுந்தோக்கின் வாய் துடித்தது. சத்தியம் செய்து கொடுத்த வாய். கல்யாணமான நாளிலிருந்து பெருமையை விழுங்கி விழுங்கிப் புண்ணான வாய். இனி தாங்காது.

“டாக்டர்டி அவ! என் மருமக பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்! மூட்டு டாக்டர்!”

அடுத்த மூச்சில் ஹரிமைச் சுற்றி முழங்கால்கள் முளைத்தன. வலது முழங்கால், இடது முழங்கால், ஏறினால் வலிக்கும் முழங்கால், இறங்கினால் வலிக்கும் முழங்கால். “டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க!” ஹரிம் பரிதாபமாக மல்சுனைத் திரும்பிப் பார்த்தாள்.

மல்சுன் கைகளைத் தட்டினாள். வலித்தது, ஆனாலும் தட்டினாள். “ஏய், விடுங்கடி அவளை! அது என் டாக்டர். முழங்காலெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில நிக்கட்டும்.”

“அப்போ இன்னிக்கு எங்களை யார் தேய்க்கறது? கொக்கியைப் பாரு, எத்தனை சாவி!”

அது நியாயமான கேள்விதான். மல்சுன் கொக்கிகளைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். டாக்டரின் பார்வையையும் பார்த்தாள். பிறகு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

“எல்லாரும் வரிசையா உட்காருங்க. ஒருத்தி முதுகுக்குப் பின்னால ஒருத்தி. ம், சீக்கிரம்! தெரிஞ்சவ தெரியாதவன்னு பாக்காதீங்க. எதிர்ல எந்த முதுகு இருக்கோ அது உங்க முதுகு.”

ரயில் பெட்டிகள் மாதிரி பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சுந்தோக்கின் முதுகுக்குப் பின்னால் யார் உட்காருவது என்று ஒரு கணம் தயக்கம். மல்சுன் டாக்டரைப் பிடித்து அங்கே அழுத்தி உட்கார வைத்தாள்.

“நானா? அத்தைக்கா?”

“உள்ளங்கை மேட்டால, கீழேர்ந்து மேல. விரலால அழுத்தினா உங்களுக்கும் என் வியாதி வந்துடும். ம், தேய்ங்க!”

“இன்னும் அழுத்திடி!” என்று சுந்தோக் அனுபவித்துக் கத்தினாள். “அங்கதான், அந்த இடம்தான்! படிச்ச பொண்ணு கையில பலமே இல்லயே!”

மல்சுன் கையைத் தட்டினாள், இரண்டு தட்டு. மொத்த ரயிலும் சடாரென்று திரும்பியது. தேய்த்தவர்கள் தேய்க்கப்பட்டார்கள். தன் முதுகு யார் கையில் இருக்கிறது என்று புரிந்ததும் ஹரிம் அலறினாள். சுந்தோக்கின் கை கருவாடு சுரண்டிப் பழகிய கை. மல்சுன் சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியே பாட ஆரம்பித்தாள். வலி இல்லாமல் அவள் பாடுவதை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. குரல் அப்படியொன்றும் நன்றாக இல்லை. வலி வந்தால்தான் சுருதி சேரும் போலிருக்கிறது என்று தொட்டியில் யாரோ சொன்னார்கள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மல்சுன் மாத்திரையை விழுங்கினாள், டாக்டர் சொன்னபடி. பண்டிகைக் காலையில் குமட்டல் வரத்தான் செய்தது, ஆனால் வழக்கமான ஆட்டம் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தல்சு பிடித்த அரிசிக் கொழுக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி நிலவு மாதிரி இருக்க வேண்டியவை டாக்ஸி ஏறி இறங்கின மாதிரி இருந்தன.

வாசலில் இன்சுக்கின் குரல் கேட்டது. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பேரிக்காய்ப் பெட்டியோடு வந்திருந்தாள். “அக்கா, நாளைப் பிரிச்சுக்கலாம்னு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு.”

“என்னது? ஞாயிற்றுக்கிழமையா?” மல்சுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என் வாடிக்கையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும்! பேரிக்காயைக் காட்டி ஏமாத்தப் பாக்கறியா?”

“உங்களுக்கு மாத்திரை சனிக்கிழமை ராத்திரின்னு டாக்டரம்மா சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“செவ்வாய்க்கிழமைன்னு கேட்டு வாங்குவேன். அவ என் டாக்டர்!”

“எனக்கும் ஒரு இடுப்பு டாக்டரைச் சொல்லியிருக்காங்க அவங்க, தெரியுமா?”

பேரிக்காய் வெட்டி முடிக்கும் வரை சண்டை நடந்தது. கடைசியில் ஞாயிறு காலை இன்சுக்குக்கு, மதியம் மல்சுனுக்கு என்று தீர்ந்தது. ஆனால் மல்சுன் ஒரு நிபந்தனை போட்டாள். தனக்கு வேலை இல்லாத நாளில் அவளும் சாவியை மாட்டிவிட்டு வருவாள், ஜன்னலோரக் கட்டிலில் படுப்பாள், இன்சுக் தேய்க்க வேண்டும். இத்தனை வருஷம் ஊரையே தேய்த்தவளை இதுவரை யாரும் தேய்த்ததில்லை.

“காது மடலுக்குப் பின்னால விட்டுடாத. அங்கதான் நீ எப்பவும் விடுவ.”

“அக்கா, முதல்ல வாங்க. தூங்கிடுவீங்க, பாருங்க.”

“நான் தூங்க மாட்டேன்டி. உன் வேலையைக் கவனிச்சுக்கிட்டே படுத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு மல்சுன், இருப்பதிலேயே கோணலான ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டாள். குமட்டவில்லை.